நூற்றிருபது தந்திகள்

நான் அவரிடம் மாற்றச் சொன்னது ஒரே ஒரு தந்தி. மனுஷர் நூற்றிருபதையும் மாற்றிவைத்திருந்தார்.

இசை விழாவுக்கு வந்து பெட்டிகளைத் திறந்தபோதுதான் பார்த்தேன். குட்டி கிட்டார் மாதிரி முப்பது உக்குலேலே, ஒவ்வொன்றிலும் நான்கு தந்தி, அத்தனையும் புத்தம் புதிது. எனக்குத் தலை சுற்றியது. புது நைலான் தந்தி பொல்லாதது. கட்டிய முதல் சில நாள் நீண்டுகொண்டே போகும். சுருதி சேர்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள் இறங்கிவிடும். எனக்கோ அன்றைக்கு மூன்று பயிலரங்கு. போதாததற்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கற்றுக்கொண்டவர்களில் முப்பது பேரை மேடையேற்றி ஒரு பாட்டு வாசிக்க வைக்க வேண்டும்.

"என்னங்க இது?"

"ஒண்ணு அறுந்தா செட்டையே மாத்தணும்மா. லிஃப்ட்ல அப்படித்தான்," என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இருபத்துநான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நான்கு மாதத்துக்கு முன் கம்பெனி கை மாறியது. ஐம்பது தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலிதான் கதி. டீ வைத்தால் குடிப்பார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். நேற்று நான் ஒத்திகைக்குப் போயிருந்த நேரத்தில் கடைக்குப் போய்த் தந்தி வாங்கிவந்து, நாள் முழுக்க உட்கார்ந்து கட்டியிருக்கிறார். இந்த நான்கு மாதத்தில் தானாக எழுந்து செய்த முதல் வேலை. இப்போது நான் ஒரு சொல் தப்பாகப் பேசினால் திரும்பவும் அந்த நாற்காலிதான், அப்புறம் எழுப்பவே முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் வரைக்கும்தான்.

பயிலரங்கு நடந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் ஒரு பல் டாக்டர், இரண்டு பஸ் டிரைவர்கள், கைக்குழந்தையோடு ஓர் அம்மா என்று முழங்காலை மடக்கி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொருவராகப் போய்த் திருகித் திருகிச் சுருதி சேர்ப்பேன். முப்பதாவது ஆளிடம் வரும்போது முதல் ஆளுடையது இறங்கியிருக்கும். "டீச்சர், என்னோடது சரியா இருக்கா?" ஐயா, யாருடையதுமே சரியாயில்லை! கட்டைவிரல் தோல் உரிந்தது. இடுப்பு விட்டுப்போனது. இரண்டாவது வகுப்பு முடியும் நேரத்தில் அவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து, "புது ஸ்ட்ரிங் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"எப்படி இருக்கா? ஒண்ணு சொன்னா ஒண்ணோட நிறுத்தத் தெரியாதா? உங்களை யாருங்க கேட்டா? காலையிலேர்ந்து என் உயிர் போகுது!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். சத்தமில்லாமல் கடைசி பெஞ்சுக்குப் போய், வீட்டில் உட்காருவது போலவே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். பாவி, நாக்கை அடக்கத் தெரியாதா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். போய்ச் சமாதானம் சொல்லவும் தெம்பில்லை. அதற்குள் மூன்றாவது வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம். மேடைக்குப் பின்னால் முப்பது பேரும் நின்றார்கள். விழாப் பொறுப்பாளரம்மா கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் எங்களுக்கு அவர் விசில்தான். "ரெடியா? ரெடியா?" என்று அரித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை வாசித்துப் பார்த்தோம். என் சுருதி ஒரு பக்கம் போனது, முப்பது பேருடையதும் வேறு பக்கம் போனது. கேட்கச் சகிக்கவில்லை. நூற்றிருபது தந்தியையும் பத்து நிமிஷத்தில் யாரால் ஏற்ற முடியும்? அங்கிருந்த பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

"உன்னோடதுல பழைய ஸ்ட்ரிங்தானே?"

இவர்தான். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தே பேசினார்.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அவங்களோடது எல்லாம் ஒரே நாள்ல ஒரே கை கட்டினது. லிஃப்ட்ல புது ரோப் போட்டா எல்லாம் ஒண்ணாத்தான் நீளும். இதுவும் ஒண்ணாத்தான் இறங்கியிருக்கும். அதை ஏன் ஏத்துறே? உன்னோடதை இறக்கு."

பல் டாக்டருடையதை மீட்டிப் பார்த்தேன். அப்புறம் டிரைவருடையது, அந்த அம்மாவுடையது. அட, உண்மைதான்! எல்லாம் ஏறக்குறைய அரைக்கட்டை கீழே, ஒன்றோடொன்று ஒத்துத்தான் இருந்தன. விலகி நின்றது நான் மட்டும்தான். என்னுடைய நான்கு தந்தியையும் இறக்கினேன். தனியாக முரண்டு பிடித்த ஐந்தாறை, நான் சொல்லச் சொல்ல அவர் திருகினார்.

பாட்டு அருமையாக வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சுமாராக வந்தது. கைதட்டினார்கள்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது, "மத்தியானம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க," என்றேன்.

"விடு," என்றார். கடைசிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? இன்னும் ரெண்டு நாள் நீளும்மா அது. நான் முன்னாடியே வந்து எல்லாத்தையும் ஏத்தி வெச்சிடறேன்," என்றார்.

நாளை எங்களுக்கு எதுவுமே இல்லை. இரண்டாம் நாளும் வரச்சொல்லி விசில் கெஞ்சியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொழுது சாயும் வரை தூங்குவதாக இருந்தேன். அடுத்த அடி எடுத்துவைக்கக் கால் வரவில்லை.

"எட்டு மணிக்கு," என்று சொல்லிவிட்டு, விசிலைத் தேடிப் போனேன்.