டின்னுக்குள் இருந்த இரும்பு

எழுபத்து நான்காம் வருஷம்; மாநில எல்லை தாண்டி இரும்பு கொண்டுபோக பர்மிட் கேட்ட காலம். பொன்னாத்தாளின் ஆறு மாதக் குழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, ரத்தமும் போதவில்லை. கோயமுத்தூர் டாக்டர் இரும்புச் சத்து சேர்த்த சோயா மாவு டின் ஒன்றைக் கொடுத்தார். அந்த டின்னோடு அவள் முதலமடைக்குத் திரும்பும்போது, கேரள எல்லையில் பஸ்ஸை நிறுத்திய அதிகாரி டின்னை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இரும்பா? பர்மிட் இல்லாம கொண்டுபோக முடியாதும்மா."

"பால் மாவுங்க. புள்ள குடிக்கறதுங்க."

அதிகாரி படிவத்தை எடுத்தார். டின் முழுவதிலும் இருந்தது முப்பத்தாறு மில்லிகிராம் இரும்பு. படிவமோ டன் கணக்கில் கேட்டது. அவரும் கண்டக்டரும் வியர்க்க வியர்க்கக் கணக்குப் போட்டார்கள். புள்ளிக்குப் பின் ஏழு பூஜ்யம் வந்தது. படிவத்தின் கட்டத்தில் புள்ளிக்குப் பின் இரண்டு எண்ணுக்குத்தான் இடம்.

"சைபர்னு எழுதியாச்சு. இதில இரும்பே இல்ல. நீ போலாம்."

பொன்னாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏனுங்க, இரும்பு இல்லீங்களா? அதுக்குத்தானுங்க டாக்டர் குடுத்தாரு! புள்ளைக்கு ரத்தம் எப்படிங்க ஊறும்?"

பஸ் ஹாரன் அடித்தது. எவ்வளவு சொல்லியும் அவள் ஏறவில்லை. கடைசியில் அதிகாரி டின்மேல் 'இரும்பு உண்டு' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். கண்டக்டர் அதை இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகுதான் அவள் படியேறினாள்.