ஐந்தாவது மாடியின் பிற்பகல்

நான்கு மாடிக்கு மேல் எழும்பும் எந்த வணிகக் கட்டடத்திலும் ஒரு பழைய பிற்பகல் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது படிக்கட்டு, தீயணைப்புக் குழாய், பழைய பிற்பகல் ஆகிய மூன்றும் இல்லாமல் ஈரோட்டில் யாரும் கடை திறக்க முடியாது. கட்டடத்துக்கு ஏசி வடிவமைக்கும் இஞ்சினியர் தன்னுடைய சொந்தப் பிற்பகல்களில் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்துவிட்டால் அது கட்டடத்தில் இருக்கும். நம்மிடம் இருக்காது.

லைசென்ஸ் தேர்வில் குழாய்க் கணக்கு, குளிர்க் கணக்கு எல்லாம் சுலபம். நேர்முகத்தில்தான் ஆட்கள் தடுக்கி விழுவார்கள். கையில் நல்ல பிற்பகல் எத்தனை இருக்கிறது என்று கேட்பார்கள். சந்தோஷமாக வளர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பு லைசென்ஸ், எத்தனை மாடிக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். எங்கள் அப்பா மத்தியானம் தூங்குவார். அவர் எழுந்திருக்கும்வரை வீட்டில் ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. எனக்கு இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது, ஐந்து மாடியோடு சரி.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு முதல் வகுப்பு. காவிரிக் கரையில் அண்ணன் தம்பிகளோடு குதித்து வளர்ந்தவர். கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தார். பவானியில் ஒரு லாட்ஜுக்கு, கரூரில் ஒரு வங்கிக்கு, சேலத்தில் ஒரு வணிக வளாகத்துக்கு. சேலத்தில் கொடுத்ததில் நானும் இருந்தேன். என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டார் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவர் காலமான பிறகு அந்தச் சேலத்துப் பிற்பகலைப் பார்க்க மாதாமாதம் பஸ் ஏறிப் போவேன். சில வருடங்களில் அந்த வளாகத்தை இடித்துவிட்டார்கள். மற்ற இரண்டும் அதற்கு முன்பே போய்விட்டன.

அப்புறம் என்னிடம் அவர் இருக்கும் பிற்பகல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கல்யாணமான புதிதில், நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை. ஒரு சினிமாக் கொட்டகையின் மொட்டை மாடியில், ஏசித் தண்ணீரைக் குளிரவைக்கும் கூலிங் டவரை ஏற்றிய நாள். அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, மூன்று மாடிக்கு உட்பட்ட வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

அர்த்தநாரி என்பவர் ஜவுளிக்கடை கட்டும்போது மூன்று மாடி என்றுதான் சொன்னார். நான் ஏசி வரைபடம் போட்டுக் குழாயெல்லாம் ஏறிய பிறகு, ஜோசியர் சொன்னார் என்று இரண்டு மாடி கூட்டிவிட்டார்.

"ஏனுங்க மேடம், உங்ககிட்ட ஒண்ணு கூடவா இருக்காது?" என்றார்.

"இருக்குங்க. கொடுக்கறதுக்கு இல்லீங்க."

அவர் வற்புறுத்தவில்லை. நல்ல மனிதர். மூடிப்போன வேறொரு லாட்ஜிலிருந்து பழைய பிற்பகல் ஒன்றை அவரே விலைக்கு வாங்கி வந்தார். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கியதைப் பார்த்தே ஆக வேண்டும். அதில் யாரோ ஒரு பையன் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் ஒரு வாத்தியார் பிரம்போடு நின்றார். அங்கே சாப்பிட உட்கார்ந்த தச்சர்கள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கட்டட ஆய்வாளர் ஜெபமணி மேடம் ஒரு நிமிடம் உள்ளே நின்று பார்த்துவிட்டு, இது ஆகாது என்று சொல்லிவிட்டார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு எடுத்த பெண்கள் தினமும் காலையில் சீருடைச் சேலை கட்டி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டுப் போனார்கள். திறக்காத கடைக்குச் சம்பளம் கிடையாது. அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "எப்பங்க்கா தொறப்பாங்க?" என்று கேட்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஆனால் நான் மனம் மாறியது அந்தப் பெண்களுக்காக மட்டும் இல்லை. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நிறுவப்பட்ட பிற்பகல் கெடாது, கையில் வைத்திருக்கும் பிற்பகல் கசியும். ஏசியில் வாயு கசிவது மாதிரிதான், எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த மொட்டை மாடியில் நாச்சிமுத்து ஒரு மெட்டை சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். அது எனக்குக் கேட்காமல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. உதடு குவிந்திருப்பது தெரியும், சத்தம் வராது. அன்றைக்குக் காலையில் பார்த்தால் அவருடைய சட்டையின் நிறமும் போய்விட்டிருந்தது. வைத்துக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பேன், கொடுத்தால் ஒரேயடியாக இழப்பேன். ஆனால் கொடுத்தால் அவர் முழுசாக இருப்பார். அதை நினைத்து நினைத்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு அர்த்தநாரிக்கு போன் செய்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிற்பகலுக்கு நேர் மேலே ஏசி காற்று வரும் கிரில் வைக்காதீர்கள், சாப்பாட்டு வாசனை கலைந்துவிடும். கட்டட உரிமையாளர் சொல்கிறார் என்று வெயிலையும் குறைக்காதீர்கள். அர்த்தநாரி வந்து, "இருவத்தி நாலு டிகிரியில வெச்சுப்போடலாம்ங்களா, வாடிக்கையாளர் வேர்க்காம இருப்பாங்கல்ல?" என்றார். மே மாதத்து மொட்டை மாடியை இருபத்து நான்கில் வைத்தால் உள்ளே இருக்கிறவர்களுக்குச் சளி பிடிக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தபோது ஜெபமணி மேடம் வரைபடத்தில் விரல் வைத்தார். இந்த வருடம் விதியில் ஒரு திருத்தம் வந்திருந்தது. எனக்குத் தெரியாது.

"உள்ள இருக்கவங்களுக்கு வெளிக்காத்து எங்க மேடம்?"

வெளியிலிருந்து எடுத்து வடிகட்டி உள்ளே விடும் காற்றைக் கேட்டார். கட்டடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று கணக்கு உண்டு. கடைக்காரர்களுக்கு, வாடிக்கையாளர்களுக்கு, காவலாளிக்குக்கூடப் போட்டிருந்தேன். பிற்பகலுக்குள் இருப்பவர்களுக்கு இத்தனை வருடமாக நாங்கள் யாரும் போட்டதில்லை. அவர்கள் மூச்சுவிட மாட்டார்கள் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரு. என் வீட்டுக்காரரும் நானும்."

"வேற யாரும் இல்லையே?"

"இல்லீங்க. கடைசி வரைக்கும் நாங்க ரெண்டு பேருதான்."

"என்ன வேலை செய்றாங்க? உட்காந்திருந்தா ஒரு அளவு, பாரம் தூக்குனா ஒரு அளவு."

"வேலையெல்லாம் முடிஞ்சிருச்சுங்க. உக்காந்து சாப்பிடறாங்க."

"சிரிப்பாங்களா? சிரிச்சா கூட வேணும்."

"அவரு சிரிப்பாருங்க. நெறையச் சிரிப்பாரு" என்றேன்.

ஜெபமணி தலையாட்டினார். அட்டவணையில் இருந்த மிகப் பெரிய அளவை அவருக்குப் போட்டோம். அதற்காகக் கடையின் மொட்டை மாடியில் இருந்த விசிறியை மாற்ற வேண்டி வந்தது. அர்த்தநாரி மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இந்தக் கட்டடம் நிற்கும்வரை நாச்சிமுத்துவுக்குக் காற்று கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம் என்று நினைத்தபோது, பல வருடங்களில் முதல் முறையாக எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

பிற்பகலை ஐந்தாவது மாடியில் வடகிழக்கு மூலையில் நிறுவினோம்.

அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி வரைபடத்தில் இருப்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். வெப்பம் முப்பத்தெட்டு. கூலிங் டவரிலிருந்து காற்றில் சாரல் அடிக்கும் என்பதால் ஈரப்பதம் அதிகம். ஆட்கள் இரண்டு. எலுமிச்சைச் சோறு, மாவடு. அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், நான் சிரித்திருக்கிறேன், அதற்கும் காற்று கணக்கிடப்பட்டிருக்கிறது. என்ன சொன்னார் என்பது என்னிடம் இல்லை.

திறப்பு விழாவன்று கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று ஐந்தாவது மாடிக்குப் போனேன். மேலேயிருந்து இறங்கி வந்த விற்பனைப் பெண்கள் எல்லோரும் ஒரே மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மெட்டு. யார் போட்டது என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்கள்.

உள்ளே நாச்சிமுத்து நீலச் சட்டை போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு கருத்த தலைமுடியை நான் மறந்தே போயிருந்தேன். சாரல் பட்டு மீசையில் துளித்துளியாக நின்றது. பக்கத்தில் ஒரு பெண் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தட்டிலிருந்து மாவடுவை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் திமிர் பிடித்தவளாகத் தெரிந்தாள். என்னதான் கண்டாரோ என்று நினைத்துக்கொண்டு, பின்னால் நின்றவர்கள் தள்ளவே வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு பராமரிப்பு என்று சொல்லி வாராவாரம் போவேன். ஃபில்டரைத் துடைப்பதுபோல் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நாச்சிமுத்து என்னைப் பார்த்தால் மரியாதையாகத் தலையசைப்பார். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அடுத்த வருடம் சித்திரையில் அர்த்தநாரி போன் செய்தார்.

"மேடம், அஞ்சாவது மாடியில கொஞ்சம் புழுக்கமா இருக்குதுங்க. வந்து பாத்துப்போட்டுப் போறீங்களா?"

போய்ப் பார்த்தேன். விசிறி சரியாக ஓடியது. ஃபில்டர் சுத்தமாக இருந்தது. குழாயில் எங்கேயும் ஒழுக்கு இல்லை. கருவியை வைத்துக் காற்றை அளந்தேன், காற்று போதவில்லை என்று காட்டியது. கணக்கில் எங்கே தப்பு என்று புரியாமல் உள்ளே போய் ஆட்களை எண்ணினேன். மூன்று பேர் இருந்தார்கள்.

கூலிங் டவரின் ஏணியில் ஒரு நூல் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தார்கள். சேலையில் அர்த்தநாரி கடையின் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்டினாள். நான் கருவியைப் பெட்டியில் வைத்தபோது அது டங்கென்று சத்தம் போட்டது. நாச்சிமுத்து உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாங்க்கா. இப்பத்தான் தூங்குது."

"என்ன கொழந்தைங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"பொண்ணுங்க்கா. இன்னும் பேரு வெக்கல. பெரியவங்க, நீங்க ஒண்ணு சொல்லுங்க."

தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்தேன். நெற்றி அவருடையது. மூக்கு எங்கள் அப்பாவுடையது. கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு, கூலிங் டவரின் இரைச்சலுக்கு நடுவில் நன்றாகத் தூங்கினாள்.

"பூங்கோதை" என்றேன். யோசிக்கவே இல்லை.

ஸ்பேனர் வைத்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நானும் அதையேதானுங்க்கா மனசுல வெச்சிருந்தேன். இவர்கிட்டக்கூடச் சொல்லல" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்தது.

குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே அளவு காற்று என்பது விதி. விசிறியை ஓர் ஆளுக்குக் கூட்டி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். என்ன கோளாறு என்று அர்த்தநாரி கேட்டார். சொன்னேன். உடனே பால்காரரைக் கூப்பிட்டு, ஐந்தாவது மாடிக்கு இனிமேல் தினமும் பால் ஊற்றச் சொன்னார். காலையிலா சாயங்காலமா என்று பால்காரர் கேட்டார். அங்கே காலையும் இல்லை, சாயங்காலமும் இல்லையே என்று அர்த்தநாரி என்னைப் பார்த்தார்.

"மூணு மணிக்கு வரச் சொல்லுங்க" என்றேன். "அப்பத்தான் முழிக்கும்."