நெவில் காட்டிய இடம்

என் புருஷன் நெவிலுக்கு வாய்தான் பிழைப்பு. ஆஸ்திரேலியாவில் டால்பி மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன். பட்டிக்கு மேலே போட்ட நடைபலகையில் நடந்துகொண்டே மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டு போவான். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கும் சேர்த்து அவனே பேசிக்கொண்டிருக்கிறான்.

வெயிலில் நின்றே வாழ்ந்த முகம். அதில் புள்ளி, தழும்பு, செதில் இல்லாத இடமே கிடையாது. மூக்கோரம் ஒன்று மட்டும் ஆறாமல் கிடந்ததால் எங்கள் ஊர் டாக்டர் துளியூண்டு கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது. வாய் பக்கத்திலேயே இருப்பதால் பிரிஸ்பேனுக்குப் போகச் சொன்னார். அங்கே மெல்லிசாக ஒரு அடுக்கு சீவி, நோயாளியை உட்கார வைத்துவிட்டு, உடனே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வேர் எந்தப் பக்கம் மிச்சமிருக்கிறதோ அங்கே மட்டும் மறுபடி சீவுவார்கள். நல்ல தோல் வீணாகாது.

எங்கள் முறை வருவதற்குள் கிள்ளிய இடம் சுத்தமாக ஆறிவிட்டது.

டாக்டர் கேலகர் ஒல்லியான பெண். அவனிடம் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தார்.

"எந்த இடம்னு நீங்களே காட்டுங்க, நெவில்."

அவன் விரல் நேராக மேலுதட்டு ஓரத்துக்குப் போனது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது இல்ல. மூக்கோரம்," என்றேன். "தினம் நான்தானே வாஸ்லின் தடவி பிளாஸ்திரி ஒட்டினேன்."

"இது யாரு மூஞ்சி, லார்னா? உன்னுதா என்னுதா?"

"உன்னுதுதான். ஆனா நீ என்னிக்கு அதைக் கண்ணாடில பாத்திருக்க? சவரமே லாரில உக்காந்து தடவித் தடவிப் பண்றவன் நீ."

"ஏலத்துல கத்தும்போது எங்க வெடிச்சு ரத்தம் வருதுன்னு எனக்குத் தெரியாதா? பலகை மேல நிக்கறது நீயா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்குப் பயமெல்லாம் உதட்டின் மேல். பயம் இருந்த இடத்துக்கு விரல் போயிருக்கிறது.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரிலிருந்து வந்த குறிப்பில் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே, இடப்பக்கம் என்று மட்டும் இருந்தது. போன் போட்டார். அங்கே யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை, டாக்டரும் லீவு.

"சந்தேகம் இருக்கு. அவர் வந்ததும் கேட்டுட்டு அப்புறம் பண்ணலாமே."

"வெள்ளிக்கிழமை காளை ஏலம், டாக்டர். நான் இல்லேன்னா, எப்படா எடம் கிடைக்கும்னு பாத்துட்டிருக்கற அந்த வாரிக் பய என் பலகைல ஏறி நின்னுக்குவான். பொம்பளைங்க பேச்சைக் கேட்டு மறுபடி இவ்ளோ தூரம் வண்டி ஓட்டச் சொல்றீங்களா? வெட்டுங்க." என் பக்கம் திரும்பினான். "நீ வாய மூடிக்கிட்டு வெளிய போ."

டாக்டர் இன்னும் ஒரு தடவை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வெளியே ஹால் முழுக்கக் கட்டுப் போட்ட மூஞ்சிகள். அங்கே பெயரைக் கேட்க மாட்டார்கள், எத்தனாவது சுற்று என்றுதான் கேட்பார்கள். நெவில் உதட்டில் பஞ்சோடு வந்து உட்கார்ந்ததும், காதில் பெரிய கட்டோடு இருந்த டட்லி என்ற கரும்பு விவசாயி வம்புக்கு இழுத்தார்.

"முதல் சுத்தா? எனக்கு நாலு. இதுக்கு மேல வெட்டுனா கண்ணாடி மாட்டக் காது இருக்காது, மச்சான்."

நெவில் சிரிக்கப் பார்த்தான். மரத்துப்போன உதடு ஒத்துழைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நெவில், அடுக்கு சுத்தமா இருக்காம். டாக்டர் வரச் சொன்னாங்க."

ஹாலே கைதட்டியது. அவன் எழுந்து, குழறிக்கொண்டே என் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"பாத்தியா? பெரிய டாக்டரு இவ!"

முதல் சுற்றிலேயே சுத்தம் என்றால் அங்கே என்ன இருந்தது?

இந்தத் தடவை நானும் கூடவே உள்ளே போனேன். டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை. கதவைச் சாத்தினார்.

"புற்று இல்ல, நெவில். ஆனா கிள்ளி எடுத்த இடம்னா தோலுக்குள்ள தழும்பு இருக்கணும். அதுவும் இல்ல. இது அந்த இடமே இல்ல. நல்ல உதட்டை வெட்டிட்டேன். நான் நிறுத்தியிருக்கணும். மன்னிச்சிருங்க."

நெவில் பஞ்சைத் தொட்டுப் பார்த்தான். வெள்ளிக்கிழமை போய்விட்டது என்பது அவன் கண்ணில் தெரிந்தது. வாரிக் பலகையில் ஏறுவது தெரிந்தது. வெட்டிய உதடு இனி பழையபடி ஓடுமா என்பது டாக்டருக்கே தெரியாது. நோயோ இன்னும் உள்ளேயே இருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். நன்றாக அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

"லார்னா," என்றான். பாதிதான் வெளியே வந்தது. "எங்க?"

எத்தனையோ வருஷத்தில் அவன் பதில் வேண்டும் என்று என்னைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

எழுந்து போய் மூக்கு மடலுக்குக் கீழே விரலை வைத்தேன். டாக்டர் தோலை இழுத்துப் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். வெள்ளையாக ஒரு சின்னத் தழும்பு.

"இங்கதான்," என்று பெருமூச்சு விட்டார். வெட்டும் இடத்தைத் தோலில் குறிக்கும் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்களே வரைங்க. நான் சரிபாக்கறேன்."

பேனா முனை பட்டதும் நெவில் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாத," என்றேன். "கோடு கோணிடும்."

பேசாமல் இருந்தான். நான் சின்னதாக ஒரு வட்டம் போட்டேன். இரக்கப்பட்டு இல்லை. அந்தப் புண் அவ்வளவுதான் இருந்தது.