முனிராஜின் வண்டியில் சிவப்பு விளக்கு

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை, பாலக்கோட்டில் என் ஷெட் வாசலில் முனிராஜ் தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்தியவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என்னையே பார்த்தான். அந்த இஞ்சினை முழுக்கப் பிரித்து மாட்டிக் கொடுத்தவன் நான்தான். கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"பாய், வண்டி மிஸ்ஸடிக்குதுங்க. ஆயில் லைட்டும் எரியுது" என்றான்.

மிஸ் அடிப்பது ஜலதோஷம் மாதிரி. ஆறு சிலிண்டரில் ஏதோ ஒன்று சரியாக வேலைக்கு வரவில்லை, பார்த்துச் சரிசெய்துவிடலாம். ஆயில் லைட் அப்படியல்ல. மீட்டர் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் இஞ்சினுக்குள் எண்ணெய் ஏறவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங் தீய்ந்து, இஞ்சின் கட்டையாகப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் பல்வலிக்கும் கால் ஆணிக்கும் உள்ள சம்பந்தம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு" என்றேன். பண்ணினான். இஞ்சின் அத்தனை அழகாக ஓடியது. விளக்கும் எரியவில்லை.

"எங்கடா எரியுது?"

"உங்க ஷெட்டப் பாத்தா அடங்கிக்குதுங்க. ஓசூர்லருந்து வர்றதுக்குள்ள நாலஞ்சு வாட்டி எரிஞ்சிது. மிஸ் அடிச்சா லைட் எரியுது. மிஸ் நின்னா லைட்டும் நின்னுபோவுது."

இதைக் கேட்டதும் இருந்த குழப்பம் இரட்டிப்பானது. சாயங்காலம் மாரண்டஹள்ளியில் தக்காளி ஏற்றிக்கொண்டு அவன் சேலம் போக வேண்டும். தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். லோடோடு அந்த இறக்கத்தில் இஞ்சின் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற தொட்டியை நாங்கள் ஆயில் சேம்பர் என்போம். அதற்குள்தான் எண்ணெயை மேலே தள்ளும் பம்ப் இருக்கிறது. அதை இரண்டு போல்ட் தாங்கிப் பிடிக்கிறது. போல்ட் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்னத் தகடு வைத்து, இறுக்கிய பிறகு அதன் ஓரத்தை மேலே மடித்துவிட வேண்டும். பூஜைக்குள் வண்டி வேண்டும் என்று முனிராஜ் அவசரப்படுத்திய நாளில் நான் அதை மாட்டினேன். போல்டை இறுக்கியது நினைவிருக்கிறது. ஒரு தகட்டை மடித்ததும் நினைவிருக்கிறது. இன்னொன்றை மடித்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அப்போது யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன், திரும்பி வந்து சேம்பரை மூடினேன். அது மட்டும்தான் தெரிகிறது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு இல்லை, இடியே இடித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "நாசில்ல அடைப்பு இருக்கும். வா, ஓட்டிப் பாக்கலாம்" என்று பெரிய மனுஷன் மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.

மாரண்டஹள்ளி ரோட்டில் போனோம். வண்டியெங்கும் பூஜை வாசம் இன்னும் போகவில்லை. முனிராஜின் மனைவி சென்னம்மாள் ஒரு இடம் விடாமல் சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தாள். ஸ்டியரிங், ரேடியேட்டர், பேட்டரி, ஆறு நாசில், டீசல் டேங்க், ஸ்டெப்னி என்று எதையும் விடவில்லை. அந்தப் பொட்டுகள் தானாகத் தேய்ந்து போகிறவரை யாரும் துடைப்பதில்லை. நானும் துடைப்பதில்லை. சாமிக்கு வைத்த பொட்டை என் கிரீஸ் கையால் அழிக்க எனக்கு மனசு வராது. இந்த வழக்கத்துக்காக வருஷா வருஷம் எனக்கும் பொரி கடலை வந்துவிடும். என் மனைவி ஹாஜிரா அதைப் பங்கு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள்.

பத்து கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி தள்ளாடியது. பெடலை மிதித்தால் ஏறவில்லை. இஞ்சின் திமிறியது, கேபினே உதறியது. அதே நேரத்தில் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது.

"பாத்தீங்களா?" என்றான் முனிராஜ். கோளாறு சாட்சியோடு பிடிபட்டதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

ஓரங்கட்டச் சொன்னேன். இஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்த்தேன். கெட்டுப்போன சிலிண்டராக இருந்தால் பைப்பைத் தளர்த்தினாலும் சத்தம் மாறாது. நல்லதாக இருந்தால் இஞ்சின் இன்னும் மோசமாகும். முதலாவதைத் தளர்த்தினேன், மோசமானது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கை வைத்திருக்கும்போதே இஞ்சின் தானாகச் சீரானது. நான் ஒன்றுமே செய்யவில்லை. எட்டிப் பார்த்தால் விளக்கும் அணைந்திருந்தது.

முனிராஜ் அந்தப் பக்கம் டீசல் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வண்டியில் டீசல் அளவு காட்டும் முள் செத்து வருஷக்கணக்காகிறது. எங்கே நின்றாலும் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பது அவன் பழக்கம். "டேங்க் ரொம்பியே கெடக்குதுங்க" என்று மூடிவிட்டு வந்தான். "சரியாயிட்டுதே! என்ன பண்ணீங்க?"

"ஏர் இருந்துச்சு. எடுத்துட்டேன்" என்றேன். பொய்க்கு மேல் பொய். மனுஷனுக்கு ஒரு பொய்யைச் சொல்லத்தான் கஷ்டம், அடுத்ததெல்லாம் வரிசையில் நிற்கும்.

திரும்பிப் பாலக்கோடு பக்கம் வந்தோம். ஊரை நெருங்கியதும் மறுபடியும் உதறல், மறுபடியும் சிவப்பு. இந்தத் தடவை பஞ்சர் கடை கருப்பண்ணன் வாசலில் நின்றோம். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், எண்ணெய் சரியான அளவில் இருந்தது. டீசல் பில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். கருப்பண்ணன் தானாக முன்வந்து தீர்ப்புச் சொன்னான்.

"டீசல்ல மண்ணெண்ணெய் கலந்துட்டானுங்க. இல்லேன்னா கண்ணு பட்டிருக்கும். ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கிடு முனிராஜு."

"மூணு நாளைக்கு முன்னாடிதான் நாலு பழம் நசுக்கினேன். இன்னும் எத்தினி நசுக்கறது?" என்று எரிந்து விழுந்தான் முனிராஜ். விழுந்துகொண்டே டேங்க்கைத் திறந்து குச்சி விட்டான். ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் பூ மாதிரி ஓடியது. எனக்குத் தலை சுற்றியது. எதைத் தொட்டாலும் சரியாகிறது, எதைத் தொட்டதால் சரியாகிறது என்றுதான் தெரியவில்லை.

வண்டியைத் திருப்பி மூன்றாவது ஓட்டம் போனோம். அதே பத்து கிலோமீட்டர், அதே உதறல், அதே விளக்கு. முனிராஜ் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"பாய், எனக்கு இஞ்சின் தெரியாது. ஓட்டத்தான் தெரியும். நீங்க ஓட்டுன்னு சொன்னா நான் லோடு ஏத்திக்கினு கணவாய் எறங்கறேன். உங்களுக்கு மனசுல எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லாமல் இருந்திருப்பேன். அவன் கோபமாகக் கேட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவன் அப்படிக் கேட்டுவிட்டதால்தான் வாய் திறந்தது.

"ஆயில் பம்ப் போல்டுல ஒரு தகட்ட மடிச்சனான்னு எனக்கு ஞாபகம் இல்ல முனிராஜு" என்றேன்.

"எப்பருந்து?"

"மாட்டுன நாள்லருந்தே லேசா ஒரு சந்தேகம். காலையில லைட்டுன்னு நீ சொன்னதும் அதான் நெனப்பு."

"காலையிலருந்து பக்கத்துல ஒக்காந்துக்கினு வர்ற. ஒரு வார்த்த சொல்லல. நா ரெண்டு புள்ளைக்கு அப்பன்யா" என்றான். என்னிடம் பேசும்போது அவன் மரியாதையை விட்டது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அவமானமாக இருந்தது. வண்டியை விட்டு இறங்கினேன்.

அவன் இறங்கவில்லை. குச்சியையும் எடுக்கவில்லை. சும்மா நிற்கவும் முடியாமல், அவன் செய்கிற வேலையையாவது செய்வோம் என்று நானே டேங்க் பக்கம் போனேன். மூடியில் பெரிய சந்தனப் பொட்டு. அது கலையாதபடி ஓரத்தைப் பிடித்துத் திருகினேன். மூடி லேசில் வரவில்லை. உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. அழுத்தித் திருகியதும் 'உஸ்ஸ்' என்று டேங்க் நீளமாகக் காற்றை இழுத்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். காலையிலிருந்து அந்த மூடியைத் திறந்தவன் முனிராஜ்தான். இஞ்சின் சத்தத்திலோ எரிச்சலிலோ அவனுக்கு இந்தச் சத்தம் கேட்டிருக்காது, கேட்டாலும் அவனுக்கு அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிந்த நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

டேங்க் மூடியின் நடுவில் ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும், இஞ்சின் பட்டினியில் உதறும். மூடியைத் திறந்து மூடினால் இன்னொரு பத்து கிலோமீட்டருக்கு எல்லாம் சரியாகும். சென்னம்மாளின் சந்தனம் அந்தத் துளையின் மேல் சரியாக உட்கார்ந்து, காய்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது.

"முனிராஜு, கோவம் அப்புறம் பட்டுக்கலாம். எறங்கி வா" என்றேன். வந்தவனிடம் மூடியை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். "நான் தொடைக்க மாட்டேன். இது உன் சாமி, நீயே தொடை."

அவனும் தயங்கினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அரைஞாண் கயிற்றிலிருந்து ஊக்கை எடுத்துத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தான். பிறகு ஆயில் லைட்டின் ஒயரைத் தடவிக்கொண்டே போனதில் விளக்கின் சங்கதியும் அகப்பட்டது. பூஜையன்று முன்பக்கம் வாழைக் கன்று கட்டியவன், கன்றை எடுத்துவிட்டுக் கட்டுக்கம்பியை அப்படியே விட்டிருந்தான். அது ஆயில் லைட்டுக்குப் போகும் ஒயரை இறுக்கி மேல்தோலை அறுத்திருந்தது. இஞ்சின் உதறும்போதெல்லாம் அறுந்த இடம் இரும்பில் பட்டு விளக்கு எரிந்திருக்கிறது. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கம்பியை வெட்டி எறிந்துவிட்டு ஒயருக்கு டேப் சுற்றினேன்.

மாரண்டஹள்ளி வரை ஓட்டினோம், திரும்பி பாலக்கோடு வரை ஓட்டினோம். உதறலும் இல்லை, சிவப்பும் இல்லை. முனிராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்கூட்டுக்காரிகிட்ட சொன்னா நம்புவாளா பாய்? சந்தனம் வெச்சு வண்டிய நிறுத்திட்டா! வுடுங்க, நானும் எதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நா லோடுக்குப் போறேன்."

எனக்கும் அதுதான் வசதி. யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் தகட்டை மடித்தேனா இல்லையா என்பது காலையில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. விளக்கு அணைந்ததால் எனக்கு ஞாபகம் வந்துவிடவில்லை.

"ஷெட்டுல வுடு. சேம்பர எறக்கிப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்" என்றேன்.

"அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிட்டுதே?"

"லைட்டுல ஒண்ணும் இல்ல. என்கிட்ட இருக்குதான்னு பாக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனான். எண்ணெயை வடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துச் சேம்பரை இறக்கினேன். பேட்டரி லைட்டை அடித்தேன். முதல் போல்டின் தகடு ஒழுங்காக மடிந்து நின்றது. இரண்டாவது தகடு கடையிலிருந்து வாங்கி வந்தபடியே தட்டையாகக் கிடந்தது. போல்டின் மேல் விரலை வைத்தேன். ஸ்பேனர் இல்லாமலே சுற்றியது. இரண்டு மரை கழன்றிருந்தது. இன்னும் நாலு நடை போயிருந்தால் பம்ப் தொங்கியிருக்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்னுடையதாகிவிட்டது.

இறுக்கி மடிக்க ஒரு நிமிஷ வேலை. முனிராஜ் டீக்கடையில் சந்தனக் கதையைச் சொல்லிச் சிரிப்பது எனக்கே கேட்டது. சேம்பரை மூடிவிட்டு, எல்லாம் சரியாக இருந்தது என்று சொன்னால் நம்புவான். பதினோரு வருஷமாக நான் சொன்னதை நம்பித்தான் அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டேன். எடுத்து எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது.

"முனிராஜு, இங்க வா" என்று கத்தினேன்.

வந்து கோணிச்சாக்கில் என் பக்கத்தில் படுத்தான். இரண்டாவது போல்டின் மேல் விளக்கை அடித்துக் காட்டினேன். அவன் விரலால் போல்டைச் சுற்றிப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு சுற்று, இந்தப் பக்கம் ஒரு சுற்று. டீக்கடைச் சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

"இறுக்குங்க" என்றான்.

இறுக்கினேன். தகட்டை மடித்துச் சுத்தியலால் தட்டினேன். அவன் அதை நகத்தால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை.

"இன்னொண்ணு?" என்றான்.

"அது நல்லா மடிஞ்சிருக்கு. நான் மொதல்லயே பாத்துட்டேன்."

அவன் கையை நீட்டி அதையும் தொட்டுப் பார்த்தான். அவன் பார்க்க வசதியாக நான் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்.