பச்சைக்கிளிக்குள் ஒரு கொய்ங்

தையல்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் குண்டூசியை வாயில் கடித்துக்கொள்வாள். அன்று காலையிலிருந்தே கடித்துக்கொண்டிருந்தாள். பின்னே, மறுநாள் பச்சைக்கிளி கைமாறப் போகிறதே!

பச்சைக்கிளி என்பது கிளி இல்லை, கார். உருண்டை விளக்கும் கொழுத்த மட்கார்டும் வைத்த அந்தக் காலத்து வண்டி. யாரோ கொட்டகையில் போட்டு மறந்ததைத் தேடிப்பிடித்து வாங்கியவள் அவள். சீட்டு உறை, கூரைத் துணி எல்லாம் அவள் கைத்தையல். ஓட்டுவதும் அவளே. புருஷன், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், காருக்கென்றே வாங்கிய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்து வருவார். வீட்டில் அந்தத் தொப்பியைத் தொடக்கூட மாட்டார்.

அந்த ராஜாதான் ரெண்டு மாசமாக ஒரே புகார். வண்டிக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் கேட்கிறதாம். வேகம் கூடினால் அதுவும் கூடுகிறதாம். வயரில் ஏதோ கோளாறாம். அவளும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டிப்பார்த்தாள். எஞ்சின் உறுமுகிறது, கதவு கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான். போகப்போக வண்டியில் அவர் பேச்சும் நின்றுபோனது. எதைச் சொன்னாலும் "ம்". செவிடன் காதில் ஊதின சங்குதான்.

இந்த மனுஷனுக்கு என் வண்டி பிடிக்கவில்லை, அதை நேராகச் சொல்லத் துப்பில்லாமல் கொய்ங் மேல் பழி போடுகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஒருநாள் பாலத்தின் மேல் போகும்போது கேட்டும்விட்டாள்.

"அப்போ வித்துடலாமா?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். "ம்."

அந்த ஒரு "ம்" போதாதா? வீட்டுக்கு வந்த கையோடு புரோக்கருக்குப் போன் போட்டாள். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி ரெண்டு பேரும் வாயே திறக்கவில்லை. ரோஷத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

இப்போது என்னடாவென்றால், நாளைக்கு விற்கப்போகிற வண்டிக்கு இன்றைக்கு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து நிற்கிறார்! எலக்ட்ரீஷியன் தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. ஊரே அவனைப் பல்பு என்றுதான் கூப்பிடும். அவனும் கடைப் பலகையில் அதையே எழுதிவிட்டான்.

பல்பு பானெட்டைத் தூக்கி பாட்டரி முனைகளைச் சுரண்டினான். எர்த் வயரை இறுக்கினான். கண்டென்சரை மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டான்.

"சார், இப்போ?"

"இருக்கு."

"அக்கா, உங்களுக்கு?"

"எனக்கு என்னிக்குமே இல்லப்பா."

பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் வயரைக் கழற்றினான். உள்ளே உட்கார்ந்திருந்த போஸ்ட்மாஸ்டர் கூவினார். "அடடே, பாதி குறைஞ்சிடுச்சு!"

நடிப்பு, என்று நினைத்தாள் அவள். பானெட் திறந்திருந்ததால் வண்டிக்குள்ளிருந்து அவருக்கு இவர்கள் தெரியவில்லை. பல்புவின் சட்டையை இழுத்து, சத்தம் போடாமல் மாட்டச் சொன்னாள், கழற்றச் சொன்னாள். வயரை மாட்டினால் "வந்துடுச்சு", கழற்றினால் "குறைஞ்சிடுச்சு". ஒருமுறைகூடத் தவறவில்லை.

அவள் பல்புவின் சட்டையை விட்டாள். பொய் சொன்னால் சண்டை போடலாம். இல்லாத சத்தம் நிஜமாகவே கேட்கிறதென்றால் இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?

பல்பு பையிலிருந்து ஒரு டப்பா ரேடியோவை எடுத்தான். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி டைனமோ பக்கத்தில் கொண்டுபோனான். ரேடியோ கொய்ங் என்று கத்தியது. எஞ்சினை முறுக்கினால் கொய்ங்கும் ஏறியது.

"இதேதான்! இந்தச் சத்தமேதான்!" என்று வண்டியிலிருந்து குதித்து இறங்கிவிட்டார் போஸ்ட்மாஸ்டர். பல்பு எஞ்சினை அணைத்தான்.

"ஓடுற டைனமோகிட்ட இந்த இரைச்சல் இருக்கத்தான் செய்யும் சார். ஆனா அது வெறும் காதுக்குக் கேக்காதே. ரேடியோவுக்குத்தான் கேக்கும்." பல்பு மொட்டைத் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "காதுக்குள்ள ரேடியோ கீடியோ வச்சிருக்கீங்களா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டான். போஸ்ட்மாஸ்டரின் கை சட்டென்று தொப்பியைப் பிடித்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தத் திருட்டு முழி தெரியாதா?

"தொப்பிய எடுங்க."

"எதுக்கு இப்போ?"

"எடுங்கன்னா!"

எடுத்தார். நரைமுடிக்கு அடியில், வலது காதின் பின்னால், அவரைக்கொட்டை அளவில் ஒரு காது மிஷின். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன்.

"எப்போலேர்ந்து இது?"

"ரெண்டு மாசமா. வீட்ல சமாளிச்சுடுவேன். கார்ல நீ பேசுறதுதான் சரியா விழல. அதனால கார்ல மட்டும் மாட்டிக்குவேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"கிழவன்னு சொல்லுவே."

"நீங்க கிழவர்தானே!"

பல்பு மிஷினை வாங்கிப் புரட்டினான். அவன் அப்பாவிடமும் இதே மிஷின்தானாம். "இதுல ஒரு சுவிட்ச் இருக்கு சார். மேல இருந்தா பேச்சு கேக்கும். கீழ தள்ளினா போனுக்கு. அப்போ வெளியில பேசுறது எதுவும் உள்ள போகாது, ரேடியோ மாதிரி கரண்ட் இரைச்சலைத்தான் பிடிக்கும்." சுவிட்சை மேலே தள்ளி அவர் காதில் மாட்டினான். தொப்பியை வைத்து, காதுவரை இழுத்துவிட்டான். பிறகு தொப்பியைத் தூக்கிக் காட்டினான். விளிம்பு பட்டு சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

அவள் பேச்சைக் கேட்க வாங்கிய மிஷின். அதை மறைக்க வைத்த தொப்பி. அந்தத் தொப்பியே அவள் பேச்சை அடைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. வாயிலிருந்த குண்டூசியை எடுத்து சீட்டு உறையில் குத்தினாள்.

"அப்போ பாலத்து மேல நான் கேட்டது?"

"எந்தப் பாலம்?"

"வித்துடலாமான்னு கேட்டேன். தலையாட்டினீங்களே!"

அவர் அவளையே பார்த்தார். "நான் எதுக்கெல்லாம் தலையாட்டினேன்னு எனக்கே தெரியாது. புரோக்கர் போன் பண்ணப்புறம்தான் நீ விக்கிறேன்னே தெரியும். என் புலம்பல் தாங்காம விக்கிறேன்னு நெனச்சேன். சத்தம் நின்னுட்டா மனசு மாறுவியோன்னுதான் பல்புவைக் கூட்டிட்டு வந்தேன்." பச்சைக்கிளியின் மட்கார்டைத் தடவினார். "இது உன் உசிராச்சே."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் போனை எடுத்துப் புரோக்கரைத்தான் பிடித்தாள். "வண்டி விக்கிறதுக்கு இல்ல. ஏன்னா? இல்ல, அவ்ளோதான்!"

சாயங்காலம் பச்சைக்கிளி பாலத்தின் மேல் போனது. தொப்பி பின் சீட்டில் கிடந்தது. காற்றில் அவர் நரைமுடி பறக்க, மிஷின் பளிச்சென்று தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"ரெண்டு மாசமா இந்த வண்டியில நீ பேசினதெல்லாம் மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

"அதுல பாதிக்கு மேல திட்டுதான்."

"பரவால்ல. அதுலேர்ந்தே ஆரம்பி."