பார் கிடந்த இடம்

இராயப்பு பிழையான இடத்தில்தான் வலை விட்டுக்கொண்டிருந்தான். ஆனால் மீன் பட்டது. அவனுடைய தங்கை புருசன் கிறிஸ்ரிக்கு விளங்காமல் போனது இதுதான்.

முல்லைத்தீவுக் கரையில் கடலடிப் பாறையைப் பார் என்பார்கள். கண்ணால் கண்டவர் இல்லை. கடலில் நின்று திரும்பிப் பார்க்கையில் கரைப் பனையும் பின்னாலுள்ள மாதா கோயில் கோபுரமும் ஒன்றாய்ச் சேர்ந்தால் பாருக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. பாரோரம் விட்டால் மீன். பாரின்மேல் விட்டால் வலை கந்தல்.

சுனாமி கோபுரத்தை அள்ளிக்கொண்டு போனது. பனை நின்றது. புதுக்கோயில் வடக்கே தள்ளி, உள்ளுக்கு, தகரக் கொட்டிலாக எழும்பியது. இராயப்பு அதன் உச்சிச் சிலுவையைப் பனையோடு சேர்த்துக் குறி பிடித்தான். கோயில் கோயில்தானே என்பது அவன் எண்ணம்.

“மச்சான், கோயிலைத் தள்ளிக் கட்டினா பாரும் தள்ளிப் போகுமோ?” என்று கேட்டான் கிறிஸ்ரி.

“நேற்று மீன் பட்டதோ இல்லையோ?”

“பட்டது.”

“பிறகென்ன கதை? கம்பஸால அரைவாசியில ஓடி வந்தனி. முழுக்கப் படிச்சிருந்தா மீனே இல்லையெண்டிருப்பாய்.”

பல்கலைக்கழகத்தின் அந்த அரைவாசிப் படிப்பில் உண்மையைப் பற்றிச் சொல்லித் தந்திருந்தார்கள். உள்ளதோடு பொருந்துவதே உண்மை என்றது ஒரு கூட்டம். நம்புகிற மற்றவற்றோடு முரண்படாமல் நிற்பது என்றது இன்னொன்று. பலிப்பதுதான் உண்மை என்றது மூன்றாவது. இராயப்பு மூன்றாவது கூட்டம். கிறிஸ்ரி முதலாவது. யார் எந்தச் சிலுவையைப் பார்த்தாலும் பார் ஓரிடத்தில்தானே கிடக்க வேண்டும்? மீனவர் சங்கம் கொடுத்த ஒரே வலையில் இரண்டு வீடு சாப்பிட்டது. அடி தெரியாத இடத்தில் அது என்றைக்காவது மாட்டும் என்று பயந்தான்.

பழைய கோபுரத்தின் அத்திவாரத்தில் கிறிஸ்ரி கம்பு நட்டு, மனைவி யூலிற்றாவின் சிவப்புச் சீலைத் துண்டொன்றைக் கட்டினான். மறுநாள் பனையோடு அந்தக் கொடியைச் சேர்த்துப் பிடித்து வலை விட்டார்கள். வலை மாட்டியது. இழுத்தார்கள். பாதிதான் வந்தது.

“பார் இருக்குது,” என்றான் இராயப்பு. “நீ சொன்ன இடத்திலதான் இருக்குது. சந்தோசமோ?”

கிறிஸ்ரி கிழிந்த ஓரத்தைக் கையில் எடுத்தான். கோபுரக் கோடு பாரோரத்துக்கல்லவா போகும்? இது நடுப்பார். கம்பைப் பிழையான கல்லில் நட்டானா? பனை சாய்ந்துவிட்டதா? அலை பாரையே புரட்டிப் போட்டதா? அல்லது பழைய கோடும் இத்தனை காலம் சும்மாதான் பலித்ததா? அந்த ஒரு கிழிசல் எல்லாவற்றுக்கும் சாட்சி சொன்னது.

கரையில் யூலிற்றா வலையைத் தூக்கிப் பார்த்தாள். “ஆர் சொன்னது சரி?”

“உன்ர மனிசன் சொன்னதுதான் சரி,” என்றான் இராயப்பு. “அதாலதான் கிழிஞ்சது.”

“அப்ப அந்தச் சரியை அவிச்சுத் தின்னுங்கோ, ரெண்டு பேரும்.”

மிச்ச வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டு மறுபடி போனார்கள். இராயப்பு எஞ்சினை நிறுத்தினான்.

“கொடியோ, சிலுவையோ?”

கிறிஸ்ரி கரையைப் பார்த்தான். கொடி தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பாதியும் போனால் இரண்டு அடுப்பும் அணைந்துவிடும்.

“சிலுவை.”

“நம்பிறியோ?”

“இல்லை. வலையை விடு.”

வலை இறங்கியது. எதன்மேல் என்று அவனுக்குத் தெரியவில்லை.