ஐயாதுரை அண்ணாச்சி வீட்டுப் பொக்குத் தரை

சமுத்திரம் ஐயாதுரை அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். டைல்ஸ் கல் விலை, சிமெண்ட், மணல், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டிக் கூலி எல்லாம் அதில் அடக்கம். தரை பேச ஆரம்பித்ததற்கு மட்டும் தனியாக எதுவும் போடவில்லை. அதற்கு என்ன விலை என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோனைக் காலி செய்து அதில் டைல்ஸ் பதிக்கும் பயிற்சி நடத்தினார்கள். மூன்று வாரம், முடிவில் சான்றிதழ். சமுத்திரம் செட்டியார்பட்டியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து படித்தான். அதுவரை கொத்தனார்களுக்குக் கலவைச் சட்டி தூக்கியவன். வேலை முடிந்ததும் அவர்கள் கரண்டியைக் கழுவிக் கொடுத்திருக்கிறானே தவிர, பிடித்துப் பூசியதில்லை. அவன் மனைவி அழகுத்தாய்தான் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துச் சேர்த்துவிட்டாள். பயிற்சியை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. நூல் பிடிக்க, ரசமட்டம் வைக்க, டேப்பில் எண் பார்க்க, பெயரைக் கையெழுத்தாகப் போட எல்லாம் அவனுக்கு அங்கேதான் வந்தது. ஆனால் அங்கே கல் குறைவு. அதே கற்களைக் காலையில் பதித்து, சாயங்காலம் பெயர்த்து, தொட்டியில் போட்டுக் கழுவி, மறுநாள் திரும்பவும் பதித்தார்கள். பெயர்ப்பதற்குத் தோதாக, அடியில் சாந்தை முழுக்கப் பரப்பாமல் நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு உருண்டை வைத்து அமுக்கச் சொன்னார்கள். கல் எப்போதும் தொட்டியிலிருந்து ஈரமாகவே கைக்கு வந்ததால், புதுக் கல்லை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று சொல்லும் அவசியம் யாருக்கும் வரவில்லை. ஆக, சமுத்திரம் எல்லாம் படித்தான். ஒரு தரை மறுநாள் வரைக்கும் கிடந்து மட்டும் அவன் பார்த்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அரிசிக்கடை வைத்திருந்த ஐயாதுரை அண்ணாச்சி வீட்டு ஹால்தான் அவனுடைய முதல் வேலை. பொங்கலுக்கு முந்தின வாரம் முடித்தான். முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. கடைத்தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பெட்டியைப் பிரித்த கையோடு காய்ந்த கல்லை உருண்டைகள் மேல் வைத்திருந்தான் என்பதும், அந்தக் கல் சாந்தில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது என்பதும் வெளியே தெரியவில்லை. மாசி கடைசியில் ஒவ்வொரு கல்லாகப் பிடி விட ஆரம்பித்தது. அடியில் சாந்து இல்லாமல் காற்று நிற்கிற கல்லைத் தட்டினால் காலிப் பானையைத் தட்டிய மாதிரி கேட்கும். அதைத்தான் பொக்கு என்பார்கள். ஒரு நாள் அண்ணாச்சியின் மனைவி தங்கபாய் கையிலிருந்து செம்பு நழுவி ஒரு பொக்குக் கல்லின் மேல் விழுந்தது. "ஏட்டி, கடைச் சாவிய எங்க வச்ச?" என்று அண்ணாச்சி குரல் கேட்டது. "ஆணியிலதான தொங்குது, கண்ணு தெரியலையா?" என்று பதில் சொல்லித் திரும்பினால் ஹாலில் ஆள் இல்லை. அண்ணாச்சி கடைக்குப் போய் நேரம் ஆகியிருந்தது.

பிறகு தட்டித் தட்டிப் பார்த்ததில் விவரம் பிடிபட்டது. ஒரு கல் பிடி விட்டுப் பொக்கான பிறகு அதன் மேல் நின்று முதலில் யார் என்ன பேசுகிறார்களோ அது அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அதில் இடம் இல்லை. எத்தனை தடவை தட்டினாலும் அதையேதான் சொல்லும். தங்கபாய்க்கு இதில் பெரிய சங்கடம் இருக்கவில்லை. அண்ணாச்சிக்குத்தான் கஷ்டம். தளவாய்புரத்திலிருந்து வந்த யாவாரி ஒருவர் உட்கார நாற்காலியை இழுத்தபோது, "அந்தத் தளவாய்புரத்தானுக்கு ரெண்டு ரூவா கூட வச்சுச் சொல்லு, கண்ண மூடிட்டு வாங்குவான்" என்று தரை சொன்னது. நின்ற வாக்கில் திரும்பிப் போனவர் மறுபடி வரவில்லை. திருச்சபை ஊழியரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணிப் பார்த்தார்கள். மறுநாள் முதல் அவர் நின்ற கல் ஆமென் என்றது.

அண்ணாச்சி சமுத்திரத்தைக் கூப்பிட்டு விட்டார். கூடவே ராஜபாளையத்திலிருந்து பால்பாண்டியையும் வரவழைத்தார். பால்பாண்டி சமுத்திரத்துக்கு எட்டு வயது இளையவன். பயிற்சி குடோன் பக்கம் ஒதுங்கியதுகூட இல்லை. பத்து வயதிலிருந்து கல்லுக்கு மேலேயே தவழ்ந்தவன். கரண்டிக் காம்பால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் தட்டிக்கொண்டே போனான். கற்களுக்கு அடியிலிருந்து அண்ணாச்சியும் தங்கபாயும் ஊழியரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசினார்கள். முடித்துவிட்டு நிமிர்ந்து, "என்னண்ணே, இது தரையா மிருதங்கமா?" என்று கேட்டான். எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும், பெயர்த்தால் ஒரு கல்லும் உருப்படியாக வராது என்றான். பதிக்கப் பேசியிருந்த கூலியை அண்ணாச்சி கொடுக்கவில்லை. சமுத்திரமும் கேட்கவில்லை.

"ஏலே, நான் போலீசு, பஞ்சாயத்துன்னு போகப் போறதில்ல," என்றார் அண்ணாச்சி. "மாசா மாசம் கட்டு. கட்டி முடிச்ச அன்னைக்கு அந்தக் காசுலதான் இதப் பேத்துட்டுப் புதுசாப் போடுவேன். அதுவரைக்கும் என் வீட்டுல நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

சமுத்திரம் சான்றிதழைத் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, பால்பாண்டியிடமே கையாளாகப் போய்ச் சேர்ந்தான். பால்பாண்டி எதையும் சொல்லிக் கொடுக்கிற ஆள் இல்லை. தட்டுவான், சத்தம் சரியில்லை என்றால் பெயர்ப்பான், பெயர்த்த கல்லைக் கழுவிச் சமுத்திரத்தின் கையில் கொடுத்துவிட்டுப் பீடி பற்றவைப்பான். அவ்வளவுதான். முதல் வருஷம் பதித்ததில் பாதியைச் சமுத்திரம் இரண்டு தடவை பதித்தான். சாந்து எந்தப் பதத்தில் கல்லை வாங்கிக்கொள்ளும், மேகம் போட்ட நாளில் எவ்வளவு தண்ணீர், வெயில் நாளில் எவ்வளவு என்பதெல்லாம் வார்த்தையாக இல்லாமல் மணிக்கட்டு வழியாக ஏறியது. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அண்ணாச்சியிடம் ஐம்பதோ முப்பதோ கொடுத்துவிட்டு வந்தான். தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில் சிமெண்ட் அரித்து இரண்டு கையிலும் தோல் உரிந்து, வேலைக்குப் போக முடியாமல் கிடந்தான். தவணை தவறியது. கடையில் நாலு பேர் முன்னால் அண்ணாச்சி கேட்கப்போகிறார் என்று பயந்துகொண்டே போனவனிடம், "கை ஆறட்டும்லே, பொறவு பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லி ஒரு காப்பியும் வாங்கிக் கொடுத்தார். மனுசன்னா அண்ணாச்சிதான் என்று சமுத்திரம் பஸ்ஸிலும் வேலையிலும் வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருந்தான். அழகுத்தாய் முதுகைக் காட்டிக்கொண்டு உலை வைத்தாள். "நல்ல மனுசன்தான்" என்றாள்.

தொண்ணூற்றொன்றில் அண்ணாச்சி கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்து இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து வந்த சொந்தங்கள் ஊருக்குப் போனதும் தங்கபாய் ஹாலில் உட்கார்ந்து, முதன்முதலில் பேசிய கல்லை விரலால் தட்டினாள். சாவியை எங்கே வைத்தாய் என்றார் அண்ணாச்சி. ஆணியில்தான் தொங்குகிறது என்று அவள் சொன்னாள். அதிலிருந்து தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அப்படி ஒரு சுற்று வருவாள். தென்னங்குச்சி விளக்குமாறு பட்டால் கல் கலகலத்துவிடும் என்று துணியால் மட்டும் துடைத்தாள். அந்தத் தெருவில் புருஷன் போன வீடுகள் இன்னும் இருந்தன. அவர்கள் தங்கபாய் வீட்டுத் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். சமுத்திரம் பணம் கொண்டுவந்தால், "என்ன அவசரம், அடுத்த மாசம் குடேன்" என்பாள். அவன் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு, அது உறுத்தி, இன்னும் வேகமாகக் கட்டப் பார்த்தான். கடன் முடிகிற அன்றைக்குத் தானே அந்தத் தரையைப் பெயர்த்துக் கூலி வாங்காமல் புதுசாகப் போட்டுக் கொடுப்பது என்று மனதுக்குள் முடிவு பண்ணியிருந்தான். ஊரில் அவன் பெயர் அந்த ஹாலில்தான் கெட்டுக் கிடந்தது.

தொண்ணூற்று மூன்றுக்குள் அவன் நல்ல வேலைக்காரன் ஆகிவிட்டான். பால்பாண்டி தட்டிப் பார்ப்பதை நிறுத்தியதிலிருந்து அது தெரிந்தது. வேலை வந்த அளவுக்கு முழங்கால் போனது. வேலை பார்த்த இடங்களில் உடைந்து மிஞ்சிய கல்லையெல்லாம் சேர்த்து, நிறத்துக்கொன்றாகச் செட்டியார்பட்டியில் தன் வீட்டுக்கும் தரை போட்டான். அழகுத்தாய் அகப்பையை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு ஒவ்வொன்றாகத் தட்டினாள். "ஒண்ணு கூடப் பேசலையே!" என்று சிரித்தாள்.

மறு வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் போயும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னமாகிக்கொண்டு வந்த அந்த நாட்களில், ஒரு காலையில் சமுத்திரம் அவள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்லை உளியால் பெயர்த்து எடுத்தான். பயிற்சி முடித்த கையோடு அண்ணாச்சி வீட்டில் செய்த மாதிரியே, ஊறப்போடாத கல், ஐந்து உருண்டை, மெல்ல ஓர் அமுக்கு. சாந்து காய்ந்ததும் தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருந்தது. கையானது அவனைக் கேட்காமலே உருண்டையைப் பரப்பி, கல்லை ஆட்டி, காற்றை வெளியேற்றியிருந்தது. மறுபடி பெயர்த்தான். மறுபடியும் கெட்டி. மூன்றாவது தடவை கரண்டியை இடது கையில் பிடித்துப் பார்த்தான். அதுவும் கெட்டிதான். அழகுத்தாய் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"விடுங்க," என்றாள். "மூணு வாரத்துல படிச்சத இத்தன வருசத்துல மறந்துட்டிய. இனி எங்குட்டு வரும்?"

தொண்ணூற்றைந்து கார்த்திகையில் அவள் போய்விட்டாள். சமுத்திரம் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் தன் தரையை விரல் முட்டி சிவக்கத் தட்டினான். சிமெண்ட் சத்தம் மட்டும் வந்தது. அந்த வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமான தரை வேறு இல்லை.

கடைசித் தவணை நாற்பது ரூபாய். தொண்ணூற்றாறு சித்திரை ஒண்ணாம் தேதி அதையும், உளி, கரண்டி, ரசமட்டம் போட்ட பையையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். பணத்தை நிலைப்படியில் வைத்தான்.

"தீந்துட்டுக்கா. அண்ணாச்சி கேட்டபடி இன்னைக்குப் பேத்துருதேன். ஒத்தப் பைசா கூலி வேண்டாம்."

"பேப்பியா?" தங்கபாய் ஹால் நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எங்க, மொதல்ல என் மேல உளிய வையி பாப்போம். பேக்க வந்துட்டான், பெரிய மேஸ்திரி!"

அவன் பையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். வேலைக்காரன் கை சும்மா இருக்காது. நிலைப்படியை ஒட்டியிருந்த முதல் கல்லைக் கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டியது.

"அண்ணாச்சி, அவியளுக்குக் கையில தோலே இல்ல," என்றாள் அழகுத்தாய். "சோத்தக்கூட நான்தான் ஊட்டி விடுதேன். செத்த பொறுத்துக்கங்க. நான் தீப்பெட்டி ஒட்டியாவது கட்டிருதேன். கடையில வச்சு நாலு பேரு முன்னால அவியள ஒண்ணும் கேட்டுராதிய. நான் வந்துட்டுப் போனது அவியளுக்குத் தெரிய வேண்டாம்."

சமுத்திரம் தங்கபாயைத் திரும்பிப் பார்த்தான்.

"மழைக்குள்ள வந்தா," என்றாள் தங்கபாய். "காலெல்லாம் சகதி. உள்ள வா தாயின்னா, தரை அழுக்காயிரும், அவிய போட்ட தரைன்னு அந்த ஒத்தக் கல்லவிட்டு அங்குட்டு வரல. தெரிய வேண்டாம்னு வாய் விட்டுக் கேட்டுட்டா. பொறவு நான் எப்படிச் சொல்ல?"

சமுத்திரம் இன்னொரு தடவை தட்டினான். சன்னமாகாத குரல், மூச்சு வாங்காத குரல். ஐப்பசியில் பஸ் ஏறி வந்த வேகம் அதில் அப்படியே இருந்தது. கரண்டியைப் பைக்குள் வைத்துப் பையின் வாயைக் கட்டினான். தங்கபாய் எழுந்து வந்து நாற்பது ரூபாயை எடுத்து எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, கடன் தீர்ந்தது என்று சொன்னாள். சொன்ன இடத்தில் இருந்த கல் அன்றைக்குக் காலையில்தான் பிடி விட்டிருந்தது. அதனால் அந்தக் கல் இப்போது அதைச் சொல்கிறது.

அதற்குப் பிறகும் அவன் ஒண்ணாம் தேதி தவறுவதில்லை. "என்னண்ணே, அண்ணாச்சி கடன் இன்னுமா தீரல?" என்று கண்டக்டர் கேட்பார். அது தீந்துட்டு என்று சொல்லிச் சரியான சில்லறையைக் கொடுப்பான். வாசலில் உட்கார்ந்து முதல் கல்லை ஒரே ஒரு தடவை விரலால் தட்டுவான். தெரிய வேண்டாம் என்று அவள் முடித்ததும், "சரிட்டி, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பஸ்ஸுக்கு நடப்பான்.